கையகலக் கணினியில் ரிஸ்க் ஓ.எஸ். – இணையம் வரை ஆறு படிகள்

இறுதியாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு



"நெட் வரலைடா!" – வகுப்பிலும் விடுதியிலும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வார்த்தையைக் கேட்கிறோம்? கேட்டவுடன் நாம் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறோம். வந்துவிட்டால் சந்தோஷம். வராவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் நண்பனைத் தேடி ஓடுகிறோம். எந்த இடத்தில் அறுந்தது, ஏன் அறுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. இன்றைய மொபைலும் லேப்டாப்பும் எல்லா வேலையையும் தாங்களே ரகசியமாக முடித்துக்கொள்வதால் பார்க்க வேண்டிய தேவையும் நமக்கு வருவதில்லை.

ஆனால் டிப்ளமோ சான்றிதழோடு வெளியே போகிறவனுக்கு இது போதாது. சென்ற ஆண்டு எங்கள் சீனியர் ஒருவரிடம் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வி இது: "ஐ.பி. முகவரி இருக்கிறது. கேட்வேக்கு பிங் போகிறது. ஆனால் வெப்சைட் திறக்கவில்லை. அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?" நல்ல மார்க் வாங்கிய அண்ணன் அவர். பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை. பாடத்தில் ஏழு அடுக்கு ஓ.எஸ்.ஐ. மாடலை வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம். ஒரு அடுக்கையாவது கையால் தொட்டுப் பார்த்திருக்கிறோமா?

தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் துறை பீரோவில் ஒரு ராஸ்பெர்ரி பை, மாடல் பி போர்டு சும்மா கிடந்தது. இருப்புச் சரிபார்ப்பில் "பயன்பாட்டில் இல்லை" என்று எழுதிக் கழித்துக்கட்டும் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. மேடத்திடம் அனுமதி வாங்கி நாங்கள் நான்கு பேர் அதை எடுத்தோம். வழக்கமான லினக்ஸுக்குப் பதிலாக, அதிகம் பேர் அறியாத ரிஸ்க் ஓ.எஸ். என்ற இயக்க முறைமையைப் போட்டு இணையத்தில் சேர்த்தோம். லினக்ஸ் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒன்றும் கற்றிருக்க மாட்டோம். ரிஸ்க் ஓ.எஸ். ஒவ்வொரு படியையும் நம்மிடம் கேட்டுத்தான் செய்கிறது. அதனால்தான் அது நல்ல வாத்தியார்!

ரிஸ்க் ஓ.எஸ். யார் வீட்டுப் பிள்ளை?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கான் கம்ப்யூட்டர்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. 1981-ல் பி.பி.சி. மைக்ரோ என்ற பள்ளிக்கூடக் கணினியைச் செய்து புகழ் பெற்றது. அடுத்த கணினிக்குச் சந்தையில் கிடைத்த சிப்புகள் பிடிக்காமல், தானே ஒரு சிப் செய்துகொண்டது. கட்டளைத் தொகுதியை வடிவமைத்தவர் சோஃபி வில்சன் என்ற பெண்மணி. சிப்பின் உள்ளமைப்பைச் செய்தவர் ஸ்டீவ் ஃபர்பர். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து சேர்ந்தது; வந்த அன்றே வேலை செய்தது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர்தான். அதற்கு ஏ.ஆர்.எம். என்று பெயர். ஆமாம், இன்று நம் சட்டைப்பையில் உள்ள மொபைலின் சிப்புக்கு அதுதான் மூதாதை!

நம் துறை மாணவர்கள் ரசிக்க வேண்டிய செய்தி ஒன்று. அந்த முதல் சிப் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தபோது பூஜ்யம் காட்டியது. காரணம், போர்டில் இருந்த ஒரு குறையால் சிப்புக்கு சப்ளையே போய்ச் சேரவில்லை. மற்ற பின்களில் வந்த சிக்னலில் இருந்து கசிந்த மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்தது! குறைந்த மின்சாரத்தில் ஓடும் அந்தக் குணம்தான் பின்னாளில் மொபைல் முழுவதையும் அதற்குப் பிடித்துக் கொடுத்தது.

1987-ல் இந்தச் சிப்போடு ஆர்க்கிமிடிஸ் என்ற கணினி வெளிவந்தது. அதற்காக எழுதிய இயக்க முறைமைதான் 1989-ல் ரிஸ்க் ஓ.எஸ். 2 ஆனது. 1998-ல் ஏக்கான் கணினித் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் ரிஸ்க் ஓ.எஸ்.ஸை விரும்பியவர்கள் விடவில்லை. கைமாறிக் கைமாறிக் காப்பாற்றினார்கள். 2012 பிப்ரவரி 29-ல் அதே கேம்பிரிட்ஜில் இருந்து ராஸ்பெர்ரி பை வந்தது. அதிலும் ஏ.ஆர்.எம். சிப்தானே! அந்த ஆண்டே ரிஸ்க் ஓ.எஸ். அதன்மேல் ஏறிக்கொண்டது. 2018-ல் அதன் மூல நிரல் அப்பாச்சி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆகவே காசு கொடுக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

தேவையான பொருட்கள்

1. ராஸ்பெர்ரி பை போர்டு. முதல் மாடல் பி முதல் பை 4 வரை சரி. பை 5-ல் உள்ள சிப் இயக்க முறைமை மட்டத்தில் 32 பிட் கட்டளைகளை ஏற்காது, ரிஸ்க் ஓ.எஸ். 32 பிட் என்பதால் அதில் நேரடியாக ஓடாது.
2. எஸ்.டி. கார்டு – 2 ஜி.பி. இருந்தாலே தாராளம்.
3. எச்.டி.எம்.ஐ. உள்ள டி.வி. அல்லது மானிட்டர், யு.எஸ்.பி. கீபோர்டு.
4. மூன்று பட்டன் மவுஸ். நடு வீல் அமுங்கினால் போதும். இது கட்டாயம்! ரிஸ்க் ஓ.எஸ்.ஸில் இடது பட்டன் தேர்வுக்கு, நடு பட்டன் மெனுவுக்கு, வலது பட்டன் அட்ஜஸ்ட் என்ற தனி வேலைக்கு.
5. நெட்வொர்க் கேபிள், ரூட்டர். 2024-ல் வந்த 5.30 பதிப்பு முதல் வைஃபை உள்ள பை போர்டுகளில் வைஃபையும் கிடைக்கிறது. ஆனால் படிப்பதற்குக் கேபிளே சிறந்தது.
6. மல்டிமீட்டர். சிரிக்காதீர்கள், முதல் படியே அதுதான்.

ரிஸ்க் ஓ.எஸ். படிமக் கோப்பை இறக்கிக் கார்டில் எழுதுங்கள். எழுதிய பிறகு விண்டோஸில் பார்த்தால் ஒரு சின்னப் பகுதிதான் தெரியும். கார்டு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். மீதிப் பகுதி ரிஸ்க் ஓ.எஸ்.ஸின் சொந்த முறையில் இருப்பதால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கீபோர்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதல் படி: மின்சாரம்

நெட்வொர்க் பாடத்தில் மின்சாரத்துக்கு என்ன வேலை? மாடல் பி-யில் ஈதர்நெட் சிப் நேராக புராசஸரோடு சேரவில்லை, யு.எஸ்.பி. வழியாகத்தான் தொங்குகிறது. மின்னழுத்தம் குறைந்தால் கீபோர்டும் ஈதர்நெட்டும் சேர்ந்தே தடுமாறும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், நெட் மட்டும் வந்து வந்து போகும்.

போர்டில் டி.பி.1, டி.பி.2 என்று இரண்டு சோதனைப் புள்ளிகள் உண்டு. இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். பழைய மொபைல் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டபோது எங்கள் மீட்டர் 4.6 காட்டியது. அதே சார்ஜரில் கேபிளை மட்டும் தடிமனானதாக மாற்றினோம், 4.9-க்கு ஏறிவிட்டது. கேபிளின் தடையில் விழும் மின்னழுத்தம் – முதலாம் ஆண்டில் படித்த ஓம் விதிதான். பாடம் எங்கே வந்து உதவுகிறது பாருங்கள்!

இரண்டாம் படி: கேபிள்

போர்டின் மூலையில் உள்ள எல்.இ.டி.களில் எல்.என்.கே. என்று போட்டது எரிகிறதா? எரிந்தால் மறுமுனையோடு பேச்சு தொடங்கிவிட்டது. எரியாவிட்டால் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள், கோளாறு கம்பியில்தான்.

568பி முறையில் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் மட்டுமே வேலை செய்கின்றன. பச்சை ஜோடி ஏன் 3-லும் 6-லும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கலாம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன என்று சிலர் நிற ஜோடிகளை வரிசையாக வைத்து கிரிம்ப் பண்ணிவிடுகிறார்கள். லேபில் கிடந்த கேபிள் ஒன்று அப்படித்தான் இருந்தது. டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரிந்தன. ஆனால் நெட் ஓடவில்லை.

காரணம் இதுதான். 3-ம் 6-ம் சேர்ந்துதான் ஒரு சிக்னல். அவை ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளாக இருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, மறுமுனையில் கழிபட்டுவிடும். வேறு வேறு ஜோடியிலிருந்து ஆளுக்கொரு கம்பி எடுத்தால் இரைச்சல் கழியாது. சாதாரண டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஜோடி மாறியதைக் கண்டுபிடிக்காது. விளக்கை நம்பாதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: முகவரி

இப்போது திரைக்கு வருவோம். எஸ்.டி. கார்டின் சின்னத்தைத் திறந்து, '!பூட்' என்பதை இரட்டைக் கிளிக் செய்தால் கான்ஃபிகரேஷன் ஜன்னல் வரும். அதில் நெட்வொர்க், பிறகு இன்டர்நெட். டி.சி.பி./ஐ.பி. தொகுப்பை இயக்குவதற்கான கட்டத்தில் டிக் போடுங்கள். இன்டர்ஃபேசஸ் பகுதியில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வழி கேட்கும்: டி.எச்.சி.பி. மூலம் தானாகவா, நாமே எண் கொடுப்பதா?

படிப்பதற்காக முதலில் கையால் கொடுங்கள். வீட்டு ரூட்டர் 192.168.1.1 என்றால், நம் போர்டுக்கு வேறு யாரும் எடுக்காத ஒரு எண், உதாரணமாக 192.168.1.50. மாஸ்க் 255.255.255.0. இந்த மாஸ்க் என்ன சொல்கிறது? முதல் மூன்று எண்ணும் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண். தெருப் பெயர் ஒன்றாக இருந்தால் நேராகப் போய்க் கதவைத் தட்டலாம். வேறு தெரு என்றால் தபால்காரரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சப்நெட்!

செட் கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எஃப்12 அழுத்தினால் திரையின் அடியில் நட்சத்திரக் குறி வரும். அங்கே 'ஐஎஃப்கான்ஃபிக் -ஏ' என்று அடித்தால் போர்டின் முகவரி தெரியும். அடுத்து 'பிங் 192.168.1.1' அடியுங்கள். பதில் வந்தால் தெருவுக்குள் நடமாட்டம் சரி.

பிறகு டி.எச்.சி.பி.க்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் அதே எண்கள்தான். கொடுப்பவர் மட்டும் வேறு. போர்டு "யாராவது முகவரி கொடுப்பீர்களா?" என்று தெரு முழுக்கக் கூவுகிறது. ரூட்டர் "இதோ, இதை வைத்துக்கொள்" என்கிறது. போர்டு "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது. ரூட்டர் "சரி, இத்தனை மணி நேரத்துக்கு உனக்கு" என்று முடிக்கிறது. நான்கே செய்திகள். இதைக் கையால் ஒரு தடவை செய்தவனுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

நான்காம் படி: வழி

ரூட்டிங் பகுதியில் கேட்வே எண் கேட்கும். அதுதான் நம் தபால்காரர்: 192.168.1.1. சரிபார்க்க 'ஐநெட்ஸ்டாட் -ஆர்' அடியுங்கள். பட்டியலில் டிஃபால்ட் என்ற வரி இருக்க வேண்டும். அதன் எதிரே ரூட்டர் எண் இருக்க வேண்டும். பிறகு 'பிங் 8.8.8.8'. இது கூகுளின் பொதுப் பெயர் சேவகன். பதில் வந்தால் தெருவைத் தாண்டி ஊருக்கு வெளியே போய்விட்டோம்!

ரூட்டருக்கு பிங் போகிறது, 8.8.8.8-க்குப் போகவில்லை என்றால் கோளாறு இந்தப் படியில்தான், அல்லது ரூட்டருக்கு வெளியே. கேபிளை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

ஐந்தாம் படி: பெயர்

மனிதனுக்குப் பெயர் வேண்டும், கணினிக்கு எண் வேண்டும். இடையில் மொழிபெயர்ப்பவர் டி.என்.எஸ். ஹோஸ்ட் நேம்ஸ் பகுதியில் முதன்மைப் பெயர் சேவகன் என்ற இடத்தில் ரூட்டர் எண்ணையோ 8.8.8.8-ஐயோ கொடுக்கலாம்.

சீனியர் அண்ணனிடம் கேட்ட கேள்விக்கு இப்போது நாமே பதில் சொல்லலாம். கேட்வேக்கு பிங் போகிறதா? சரி, அடுத்து வெளி எண் ஒன்றுக்கு பிங் கொடு. போகவில்லையா? வழியில் கோளாறு. எண்ணுக்குப் போகிறது, பெயரைக் கொடுத்தால் போகவில்லையா? டி.என்.எஸ். கோளாறு. பெயருக்கும் போகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லையா? பிரவுசரையும் கடிகாரத்தையும் பார். நான்கு வரி பதில்!

ஆறாம் படி: கடிகாரம்

கடிகாரமா என்று வியக்க வேண்டாம். மாடல் பி-யில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. சுவிட்சை அணைத்தால் தேதி மறந்துவிடும். இன்றைய பாதுகாப்பான வெப்சைட் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். நம் போர்டு பல ஆண்டு பின்னால் இருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே!" என்று கதவைச் சாத்திவிடும். ஐந்து படியும் சரியாக இருந்தும் பக்கம் வராததற்கு எங்களுக்கு இதுதான் காரணமாக இருந்தது.

கான்ஃபிகரேஷனில் தேதி, நேரம் பகுதியில் நெட்வொர்க் வழியாக நேரம் எடுக்கச் சொல்லி, என்.டி.பி. சேவகன் பெயரைக் கொடுங்கள். நம் நாட்டு நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அவர்களும் இந்தச் சேவை தருகிறார்கள். நேர வித்தியாசம் +5:30. கவனியுங்கள்: சேவகனைப் பெயரால் கொடுத்தால் அதைத் தேட டி.என்.எஸ். வேண்டும். ஆகவே ஐந்தாம் படி முடியாமல் ஆறாம் படி ஏற முடியாது. வரிசை முக்கியம்.

இணையத்தில் சேர்ந்த பிறகு

ரிஸ்க் ஓ.எஸ்.ஸில் நெட்சர்ஃப் என்ற பிரவுசர் உண்டு. 2002-ல் இந்த இயக்க முறைமைக்காகவே தொடங்கப்பட்டது. எழுத்தும் படமும் உள்ள பக்கங்கள் சட்டென்று வரும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டை நம்பி இருக்கும் தளங்கள் அதில் சரியாக வராது. வீடியோவும் வங்கிக் கணக்கும் கேட்டால் குருவி தலையில் பனங்காய்!

இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பல புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் ஓடுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் ஒரே குளியலறை மாதிரி. உள்ளே போனவர் வெளியே வராவிட்டால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கனமான பக்கம் ஒன்று மாட்டிக்கொண்டால் திரை முழுவதும் நிற்கும். இயக்க முறைமைப் பாடத்தில் கோஆபரேட்டிவ் மல்டிடாஸ்கிங் என்று படித்தது இதுதான்.

கல்லூரி நெட்வொர்க்கில் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இடங்களில் பதிவு செய்த மேக் முகவரிக்கு மட்டும்தான் அனுமதி. எங்கள் போர்டின் மேக் முகவரி பி8:27:ஈபி என்று தொடங்கியது. அது ராஸ்பெர்ரி பை அறக்கட்டளைக்கு ஒதுக்கிய தொடர். முதலில் வீட்டு ரூட்டரில் இணைத்து, அதன் இணைப்புப் பட்டியலில் முழு எண்ணையும் குறித்துக்கொண்டு, துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தோம். இரண்டு நாளில் அனுமதி வந்தது. குறுக்கு வழி தேடாதீர்கள். ரிஸ்க் ஓ.எஸ். ஒரே ஆளுக்கான முறை; லாகின், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. ஆகவே கோப்புப் பகிர்வை இயக்க வேண்டாம்; சொந்த பாஸ்வேர்டு எதையும் அதில் வைக்கவும் வேண்டாம். ரூட்டருக்குப் பின்னால், படிப்பதற்கு மட்டும்.

இதனால் என்ன பயன்?

"யாருமே பயன்படுத்தாத ஓ.எஸ்.ஸைக் கற்று என்ன வேலை கிடைக்கும்?" என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ரிஸ்க் ஓ.எஸ். தெரியும் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் வேலை தரமாட்டார்கள். ஆனால் முகவரி, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ்., என்.டி.பி. – இவை விண்டோஸிலும் இவைதான், லினக்ஸிலும் இவைதான், தொழிற்சாலையில் உள்ள பி.எல்.சி.யிலும் இவைதான். மெனு மாறும், படி மாறாது.

இப்போது அந்த போர்டு கழிவுப் பட்டியலில் இல்லை. லேபில் மூன்றாவது மேசையில் பழைய மானிட்டரோடு இருக்கிறது. லேப்டாப் இல்லாத முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகள் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து அதில் உட்காருகிறார்கள். வாரம் ஒருமுறை நாங்கள் வேண்டுமென்றே ஒரு படியைக் கெடுத்து வைக்கிறோம். ஒருநாள் கேட்வே எண், ஒருநாள் டி.என்.எஸ்., ஒருநாள் ஜோடி மாறிய கேபிள். ஆறு படியில் எது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் கடிகாரக் கோளாறை ஒரு தங்கை பதினோரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்!

நாங்கள் நான்கு பேரும் ஏப்ரலில் வெளியேறுகிறோம். ஆறு படிகளையும் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். கெடுத்து வைக்கும் வேலையை இரண்டாம் ஆண்டுக்காரர்கள் யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரும் கிரிம்பிங் டூலும் மேசை டிராயரில் உள்ளன. சாவி லேப் அண்ணனிடம்.